ஒட்டுத்துணி பிளாக்கில் கோளாறா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

குயில்ட் என்பது துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை, பிளாக் என்பது அதில் ஒரு சதுரம். எங்கள் தையல் வட்டத்துக்கு வரும் குயில்ட் பிளாக்குகளை அளந்து பிரித்து அடுக்கும் வேலை சில வருடங்களாக என்னிடம் இருக்கிறது. பெருந்துறைப் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் எல்லாம் நடக்கும். பிளாக்குகளைப் பரிமாறிக்கொள்வது இரண்டு விதம், பீ (bee), ஸ்வாப் (swap). பீ என்றால் ஒரு மாதம் ஒருவர் ராணி. அவர் கேட்ட மாதிரியில் மற்றவர்கள் ஆளுக்கொரு பிளாக் தைத்து அவருக்கு அனுப்புவோம். ஸ்வாப் என்றால் எல்லோரும் ஒரே அளவில் சொன்ன எண்ணிக்கை தைத்து, நடத்துபவருக்கு அனுப்பி, கலந்து பிரித்ததைத் திரும்ப வாங்கிக்கொள்வோம். இரண்டிலும் நாம் தைத்தது முகம் பார்க்காத இன்னொருவர் தைத்ததன் பக்கத்தில் போய் உட்காருகிறது. ரவிக்கை அரை இஞ்ச் தப்பினால் பிரித்து விட்டுக்கொள்ளலாம். பிளாக் அரை இஞ்ச் தப்பினால், அதை வாங்கியவர் என்ன செய்வார்?

வருகிற கோளாறுகள் திரும்பத் திரும்ப அதே பத்துதான். அவற்றை அறிகுறிப்படி எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் பார்க்கக்கூடியது முதலில், செலவு வைப்பது கடைசியில். மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஒன்றைச் சரிசெய்ததும் ஒரு துண்டுத் துணியில் தைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். காரணம் தெரியாமல் தையலைப் பிரிக்காதீர்கள். மறுபடியும் அதே தப்புத்தான் வரும், துணி ஓரமும் பிசிறாகிப் போகும்.

அறிகுறி 1: பிளாக் சின்னதாக வருகிறது

அதிகம் வருவது இதுதான். "அக்கா, நானும் கால் இஞ்ச்தானுங்க விட்டுத் தெச்சேன், எப்பிடிங்க கொறஞ்சுது?" என்று கேட்காத ஆளில்லை. அதனால் இதற்குக் கொஞ்சம் கூடுதலாக எழுதுகிறேன்.

*ராணி கேட்ட அளவு எது என்று பாருங்கள்*

12 இஞ்ச் பிளாக் என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் அது குயில்ட்டில் தைத்து முடித்த பிறகு தெரியும் அளவு. நாம் அனுப்ப வேண்டியது 12½ இஞ்ச். சுற்றிலும் கால் இஞ்ச் அடுத்த தையலுக்குப் போய்விடும். இந்த ஒரு வரியைச் சரியாகப் படிக்காததால் முழுதாக அரை இஞ்ச் குறைந்துபோன பிளாக்குகள் நிறையப் பார்த்திருக்கிறேன். சந்தேகம் இருந்தால் தைக்கும் முன் ராணியிடமே கேட்டுவிடுங்கள்.

வெளிநாட்டு பீயில் சிலர் சென்டிமீட்டரில் எழுதுவார்கள். 12½ இஞ்ச் என்பது 31.75 சென்டிமீட்டர். அதை 31 என்றோ 32 என்றோ முழுதாக்கினால் ஒட்டாது.

*எதை வைத்து அளந்தீர்கள்?*

தோளில் போட்டிருக்கும் இஞ்ச் டேப் பழகப் பழக நீண்டுவிடும். அதன் முனையில் இருக்கும் தகரமும் நகர்ந்திருக்கும். ஒரு எஃகு ஸ்கேலின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். வெட்டவும் அளக்கவும் ஒரே ஸ்கேலை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வெவ்வேறு கம்பெனி அக்ரிலிக் ஸ்கேல்கள் கோட்டின் தடிமனிலேயே வித்தியாசப்படும்.

*தையல் ஓரம் அதிகமாகப் போகிறதா?*

பாதிக்கு மேல் காரணம் இங்கேதான் இருக்கும். இதற்கு ஒரு சோதனை உண்டு. 1½ இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டுங்கள், நீளம் ஒரு சாண் போதும். மூன்றையும் பக்கம் பக்கமாகத் தைத்து இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளந்து பாருங்கள். சரியாக 1 இஞ்ச் இருக்க வேண்டும், மொத்தம் 3½ இஞ்ச். நடுப்பட்டை ஒரு இஞ்சுக்குக் குறைந்தால் நீங்கள் விடும் ஓரம் கால் இஞ்சுக்கு மேல் போகிறது.

தச்சர் கணக்கில் கால் இஞ்ச் என்பது இரண்டு நூல். மூன்று நூல் விட்டுத் தைத்தால் என்ன ஆகிறது என்று ஒன்பது கட்டப் பிளாக்கில் பார்ப்போம். 4½ இஞ்ச் சதுரம் மூன்று வரிசையில் சேர்ந்தால் 13½. இரண்டு தையலில் அரை அரை இஞ்ச் போனால் 12½, சரி. மூன்று நூல் விட்டால் ஒவ்வொரு தையலும் முக்கால் இஞ்ச் எடுத்துக்கொள்ளும், பிளாக் 12 இஞ்சில் நிற்கும். அரை நூல்தான் அதிகம் என்றால்கூட இரண்டு தையலில் கால் இஞ்ச் போய்விட்டது. பதினாறு கட்டம் என்றால் மூன்று தையல், மூன்று நூல் குறையும். லாக் கேபின் மாதிரி சுற்றிச் சுற்றிப் பட்டை ஏறும் பிளாக்கில் இன்னும் மோசம். தையல் எண்ணிக்கை கூடக் கூட, குறைகிற அளவும் கூடும். அதனால்தான் ஒருவருக்கு ஒன்பது கட்டம் சரியாக வந்து, லாக் கேபின் மட்டும் சின்னதாக வரும்.

நம் பக்கத்தில் தையல் பழகியவர்களுக்கு இது வருவது இயல்பு. ரவிக்கைக்கும் சுடிதாருக்கும் தாராளமாக ஓரம் விட்டே கை பழகியிருக்கிறது. துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டின் ஓரத்தைத் துணியோரத்தோடு சேர்த்து ஓட்டினால் கால் இஞ்ச் வந்துவிடும் என்று நம்பியும் தைக்கிறோம். சாதா ஃபுட்டில் ஊசியிலிருந்து ஃபுட் ஓரம் வரை மூன்று நூல் இருப்பதும் உண்டு.

சரிசெய்ய மூன்று வழி, செலவு வரிசையில்:

காசில்லாதது: அக்ரிலிக் ஸ்கேலை ஃபுட்டுக்கு அடியில் வைத்து, சக்கரத்தைக் கையால் திருப்பி, கால் இஞ்ச் கோட்டின் மேல் ஊசி மெதுவாக இறங்கும்படி நிறுத்துங்கள். ஸ்கேலின் வலது ஓரத்தை ஒட்டி மெஷின் தட்டின் மேல் மாஸ்கிங் டேப்பை நாலைந்து அடுக்காக ஒட்டுங்கள். துணியை நகர்த்தும் பல்லின் மேல் டேப் ஏறக்கூடாது. அந்தச் சின்னத் திண்டில் துணி ஓரம் உரசிக்கொண்டு போனால் கை தானாக நேராகிவிடும்.

அடுத்தது: ஊசியை இடவலமாக நகர்த்தும் வசதி உள்ள மெஷினாக இருந்தால் ஒரு படி வலப்பக்கம் நகர்த்திப் பட்டைச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

அதற்கும் அடுத்தது: கால் இஞ்ச் ஃபுட் என்றே தனியாக விற்கிறார்கள். வாங்கும் முன் உங்கள் மெஷின் ஃபுட்டைக் கழற்றிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். காலால் மிதிக்கும் பழைய கறுப்பு மெஷினுக்கும் மோட்டார் மெஷினுக்கும் ஃபுட் பொருந்தும் விதமே வேறு.

*ஓரம் சரி, ஆனாலும் குறைகிறது*

அப்படியென்றால் இஸ்திரியைப் பாருங்கள். தைத்த மடிப்பு முழுதாகத் திறக்காமல் ஒரு சின்ன மடிப்பு உள்ளேயே தங்கியிருக்கும். விரல் நகத்தால் தையலின் மேல் இழுத்தால் அது விரிவது தெரியும். முதலில் தைத்தது தைத்தபடி மூடி வைத்து ஒரு அழுத்து, அப்புறம் திறந்து நல்ல பக்கத்திலிருந்து ஒரு அழுத்து. துணி திரும்பும் இடத்திலேயே ஒன்றிரண்டு இழை அகலம் போய்விடும். அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் கால் இஞ்சுக்கு ஓரிரு இழை உள்ளே தைக்கிறார்கள். பட்டைச் சோதனையில் நடுப்பட்டை ஒரு இஞ்ச் வந்தால் போதும், ஓரம் எத்தனை என்று தனியாக அளந்து மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அதுவும் சரியென்றால் துணி சுருங்கியிருக்கும். துவைக்காத புதுத் துணியை வெட்டிவிட்டு நீராவி இஸ்திரி போட்டால் அந்த இடத்திலேயே சுருங்கும். கஞ்சி தெளிப்பதும் நீராவி காட்டுவதும் வெட்டுவதற்கு முன்னால் முடிந்துவிட வேண்டும்.

*ஏற்கெனவே சின்னதாகிவிட்ட பிளாக்கை என்ன செய்ய?*

இழுக்காதீர்கள். ஈரம் தெளித்து இழுத்து இஸ்திரி போட்டு 12½ ஆக்கிக் காட்டுவார்கள் சிலர். வாங்கியவர் முதல் துவைப்பு துவைத்ததும் அது பழைய அளவுக்கே போய், பக்கத்துப் பிளாக்குகளையும் சேர்த்து இழுக்கும். இரண்டு நூல் வரை குறைந்தால் உள்தையல்களைப் பிரித்து அரை நூல் ஓரத்துப் பக்கமாகத் தள்ளித் தைத்தால் கிடைத்துவிடும். அதற்கு மேல் குறைந்தால் புதிதாகத் தைப்பதுதான் நேர்மை. சுற்றிப் பட்டை வைத்துப் பெரிதாக்குவதாக இருந்தால் ராணியிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், அவர் மனதில் இருக்கும் மாதிரியில் அந்தப் பட்டை இடறலாம்.

அறிகுறி 2: பிளாக் பெரிதாக வருகிறது

இது சுலபம். பட்டைச் சோதனையில் நடுப்பட்டை ஒரு இஞ்சுக்கு மேல் இருக்கும். ஓரம் கொஞ்சம் கூட்டுங்கள். தைத்து முடித்ததை வெட்டிச் சரிசெய்யலாம். ஆனால் ஒரே பக்கத்தில் வெட்டக்கூடாது. 12½ இஞ்ச் சதுர ஸ்கேலில் 6¼ கோடு பிளாக்கின் நடுவில் விழும்படி வைத்து நான்கு பக்கமும் சமமாக வெட்டுங்கள். ஓரத்தில் நட்சத்திரக் கூர் இருந்தால் கத்தியை எடுக்கும் முன் கூருக்கு வெளியே கால் இஞ்ச் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வெட்டாமல், பிரித்துத் தைப்பதுதான் வழி.

அறிகுறி 3: மூலைகள் சேரவில்லை, நட்சத்திரத்தின் கூர் வெட்டுப்படுகிறது

*ஒன்பது கட்டத்தில் குறுக்குத் தையல்கள் ஒன்றோடொன்று சேரவில்லை*

மடிப்பு போன திசையைத் திருப்பிப் பாருங்கள். முதல் வரிசையின் மடிப்புகள் எல்லாம் வலப்பக்கம் போனால் இரண்டாம் வரிசையின் மடிப்புகள் இடப்பக்கம் போக வேண்டும். அப்போது இரண்டு மேடும் ஒன்றையொன்று முட்டிப் பூட்டு மாதிரி உட்காரும். விரலால் தடவினாலே தெரியும், நடுவில் பள்ளமும் இருக்காது, மேடும் இருக்காது. இரண்டும் ஒரே பக்கம் போயிருந்தால் ஒன்றை மாற்றி இஸ்திரி போடுங்கள்.

மடிப்பு சரியாக இருந்தும் நழுவுகிறதென்றால் குண்டூசி. பூட்டிய இடத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று குத்துங்கள், ஊசி பக்கத்தில் வந்ததும் எடுத்துவிடுங்கள். குண்டூசி மேல் ஓட்டினால் மெஷின் ஊசி வளையும். வளைந்த ஊசியில் அப்புறம் எல்லாக் கோளாறும் வரும்.

அதுவும் பலிக்கவில்லை, மேல் துணி மட்டும் கடைசியில் ஒரு நூல் நீண்டு நிற்கிறது என்றால் ஃபுட்டின் அழுத்தம் அதிகம். கீழ்த்துணியைப் பல் இழுக்கிறது, மேல்துணியை ஃபுட் தள்ளுகிறது. மெஷின் தலையில் இருக்கும் அழுத்த ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ரவிக்கைத் துணி, ஜீன்ஸ் என்று தைத்து இறுக்கி வைத்தது அப்படியே இருந்திருக்கும்.

*கூர் வெட்டுப்படுகிறது*

நட்சத்திரத்தின் பின்பக்கம் பாருங்கள். இரண்டு பழைய தையல்கள் குறுக்கே வெட்டி ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கும். புதுத் தையல் அந்தக் குறியின் நட்டநடுவில், இல்லாவிட்டால் ஒரு இழை வெளிப்பக்கமாகப் போக வேண்டும். உள்பக்கமாகப் போனால் கூர் மழுங்கும். ஆகவே அந்தப் பெருக்கல் குறி உள்ள துண்டு எப்போதும் மேலே இருக்கும்படி வைத்துத் தைக்கவேண்டும். கீழே போட்டால் குருட்டுத் தையல்தான்.

குறியின் நடுவில் தைத்தும் கூர் வரவில்லையென்றால் முக்கோணமே அளவில் இல்லை. இரண்டு முக்கோணம் சேர்ந்து, தைத்து முடித்தபின் 4 இஞ்ச் வரும் சதுரத்துக்கு 4⅞ என்று வெட்டச் சொல்வார்கள். அதை விட்டுவிட்டு 5 இஞ்சில் இரண்டு சதுரம் வெட்டி, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டின் இரு பக்கமும் கால் இஞ்சில் தைத்து, கோட்டில் வெட்டுங்கள். இரண்டு கிடைக்கும். ஸ்கேலின் 45 பாகைக் கோட்டைத் தையலின் மேல் வைத்து 4½ இஞ்சுக்குச் சீவிவிடுங்கள். கொஞ்சம் துணி வீணாகும், ஆனால் கூர் தப்பாது. நான் எந்த நட்சத்திரத்துக்கும் இப்படித்தான் வெட்டுகிறேன்.

அறிகுறி 4: பிளாக் தட்டையாக உட்காரவில்லை

மேசையில் வைத்துக் கையால் தடவுங்கள். எந்த இடம் எழும்புகிறது என்பதை வைத்து வழி பிரிகிறது.

*ஓரம் அலை அலையாக இருக்கிறது*

ஓரம் இழுபட்டிருக்கிறது. முதல் சந்தேகம் இஸ்திரி. வேட்டி தேய்க்கிற மாதிரி பெட்டியை முன்னும் பின்னும் ஓட்டினால் மூலைவாக்கில் குறுக்காக வெட்டிய ஓரங்கள் நீண்டுவிடும். பெட்டியைத் தூக்கி வைத்து, அழுத்தி, தூக்கி அடுத்த இடத்தில் வையுங்கள். தேய்க்கவே வேண்டாம்.

இரண்டாவது, துண்டுகளை வெட்டிய திசை. பாவு நெட்டில் துணி இழுபடாது, ஊடைப் பக்கம் கொஞ்சம் இழுபடும், குறுக்கே ரப்பர் மாதிரி இழுபடும். நெசவு ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிளாக்கின் வெளியோரத்தில் எங்கேயாவது குறுக்கு வெட்டு வந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அடுத்த முறை முக்கோணத்தைத் திருப்பி வெட்டுங்கள்.

மூன்றாவது, துணி ரொம்ப மெல்லிசு. அதற்கு நம் வீட்டு வழியே போதும்: கஞ்சி. ஜவ்வரிசிக் கஞ்சியை நன்றாக நீர்க்கக் காய்ச்சி வடிகட்டி, வெட்டுவதற்கு முன் துணியை முக்கிப் பிழிந்து, நிழலில் காயவைத்து, கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போடுங்கள். துணி காகிதம் மாதிரி நிற்கும், குறுக்கு ஓரமும் அடங்கும். கஞ்சி போட்ட துணியை மாதக்கணக்கில் அலமாரியில் வைக்க வேண்டாம், வெள்ளிப்பூச்சி தின்ன வரும். பிளாக்கை அனுப்பும்போதும் கஞ்சி போட்டது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

*நடு மட்டும் குடை மாதிரி எழும்புகிறது*

ஓரத்தில் உள்ள துண்டுகள் நடுவை விடச் சின்னதாகத் தைக்கப்பட்டிருக்கின்றன. வெளிச்சுற்றுத் தையல்களின் ஓரத்தை அளந்து பாருங்கள், எங்கேயோ மூன்று நூல் போயிருக்கும்.

*தையல் நெடுகச் சுருக்கம் விழுகிறது*

நூல் இறுக்கம். மேலே ஒரு நிறம், பாபினில் ஒரு நிறம் போட்டுத் துண்டுத் துணியில் தைத்துப் பாருங்கள். கீழ்நூலின் நிறம் மேலே புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல் டென்ஷனைத் தளர்த்துங்கள். மேல்நூல் கீழே தெரிந்தால் இறுக்குங்கள். இரண்டு பக்கமும் சமமாக இருந்தும் சுருங்கினால் நூலையே மாற்றுங்கள். திருப்பூர்ப் பக்கத்திலிருந்து வரும் பனியன் தைக்கும் நூலில் இழுபடும் வகை ஒன்று உண்டு. அதில் தைத்தால் தைக்கும்போது நீண்டு, அப்புறம் சுருங்கித் துணியையும் இழுத்துக்கொள்ளும். பிளாக்குக்குச் சாதாரணப் பருத்தி நூல் போதும்.

பாபின் கேஸ் ஸ்க்ரூவைக் கடைசியில்தான் தொட வேண்டும். நூலைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிட்டு லேசாக ஒரு வெட்டு வெட்டினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். சரசரவென்று இறங்கினால் தளர்வு, அசையாவிட்டால் இறுக்கம். கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். அப்படியும் சரியாகாவிட்டால் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள், கேஸின் தகடு தேய்ந்திருக்கும்.

அறிகுறி 5: மெஷின் துணியின் மூலையை விழுங்குகிறது, அடியில் நூல் கூடு கட்டுகிறது

மூலையை விழுங்குவது சதுரமும் முக்கோணமும் தைப்பவர்களுக்கு மட்டும் வரும் தொல்லை. ரவிக்கை தைக்கும்போது அவ்வளவு கூரான மூலையில் தொடங்க மாட்டோம். ஒரு துண்டுத் துணியை இரண்டாக மடித்து முதலில் அதன் மேல் ஓட்டுங்கள். அது முடிந்த இடத்தில் ஊசியை எடுக்காமல் அடுத்து உங்கள் முக்கோணத்தை வையுங்கள். ஒன்றின் பின் ஒன்றாகத் தோரணம் மாதிரி எல்லாவற்றையும் ஓட்டிவிட்டு, முடிவில் இன்னொரு துண்டுத் துணியில் நிறுத்துங்கள். நூலும் மிச்சமாகும்.

ஜிக்ஜாக் மெஷின்களில் ஊசித் தட்டின் ஓட்டை அகலம், மூலை அதற்குள் இறங்கிவிடும். நேர்த்தையல் மட்டும் போடும் தட்டு தனியாகக் கிடைக்கும். அதை மாட்டினால் ஜிக்ஜாக் போடக்கூடாது, ஊசி உடைந்து கண்ணில் தெறிக்கும். பாட்டி காலத்துக் கறுப்பு மெஷினில் சின்ன ஓட்டைதான். அதை ஓரமாகத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது மெஷின் வாங்கியவர்களிடம், பிளாக் தைக்க அதையே திரும்பத் துடைத்து எடுங்கள் என்று சொல்வேன். நேராக, சின்னத் தையலாக, ஒரே சீராகப் போடுவதில் அதற்கு ஈடு எனக்குத் தெரிந்து இல்லை.

அடியில் கூடு கட்டினால் எல்லோரும் பாபினைத்தான் திட்டுவார்கள். காரணம் பெரும்பாலும் மேல்நூல் கோத்ததில் இருக்கும். இந்த வரிசையில் பாருங்கள்:

ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு மேல்நூலை முழுதாக உருவி மறுபடி கோர்க்கவும். ஃபுட் இறங்கியிருந்தால் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும், நூல் நடுவில் போய் உட்காராது.

தொடங்கும்போது இரண்டு நூல் முனையையும் பின்னால் பிடித்துக்கொண்டு மூன்று நான்கு தையல் போடுங்கள்.

ஊசியை மாற்றுங்கள். வீட்டில் கிடக்கும் 16 ஆம் நம்பர் ஊசி ஒட்டுத்துணிக்குத் தடிமன். மெல்லிய பருத்திக்கு 11 அல்லது 12 போடுங்கள். தட்டைப் பக்கம் எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். பழைய ஊசி எப்படி இருந்தது என்று பார்த்துவிட்டுக் கழற்றுங்கள்.

தட்டைக் கழற்றிப் பல்லுக்கு இடையில் அடைந்திருக்கும் பஞ்சை பிரஷ்ஷால் எடுங்கள். பருத்தித் துணி தைத்தால் அது வெகு சீக்கிரம் சேரும். எடுத்ததும் இரண்டு சொட்டு மெஷின் ஆயில். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், நாளாக ஆக அது பிசின் மாதிரி இறுகிச் சக்கரமே சுற்றாது. எண்ணெய் விட்ட பிறகு பத்து நிமிடம் வேண்டாத துணியில் ஓட்டிவிட்டுத்தான் பிளாக்கைத் தொட வேண்டும்.

இதற்கெல்லாம் பிறகும் தையல் விட்டுவிட்டு விழுகிறது, ஊசி தட்டில் இடித்து டக்டக் என்கிறது என்றால் நிறுத்திவிடுங்கள். ஷட்டிலின் டைமிங் விலகியிருக்கிறது, இல்லாவிட்டால் ஷட்டில் முனை தேய்ந்திருக்கிறது. அது மெக்கானிக் வேலை, நாம் ஸ்க்ரூவைத் திருகிப் பார்த்தால் செலவு இரட்டிப்பாகும். பழைய மிதி மெஷினாக இருந்தால் அந்த வகையைப் பழகிய ஆளாகத் தேடுங்கள். பனியன் கம்பெனி மெஷின்களையே பார்ப்பவர் கையில் அது வேறு மாதிரியான வேலை. மிதி மெஷினில் மிதித்தும் சக்கரம் நடுநடுவே நின்று நின்று சுற்றினால் மட்டும் மெக்கானிக் வேண்டாம். தோல் பெல்ட் தளர்ந்திருக்கும், கொஞ்சம் வெட்டிக் கிளிப் போட்டுச் சேர்த்தால் போதும்.

அறிகுறி 6: தையல் முனைகள் பிரிகின்றன

தையலின் நீளம் அதிகம். 2 முதல் 2½ மில்லிமீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இஞ்சில் பத்துப் பன்னிரண்டு தையலாவது விழ வேண்டும். உள்தையல்களின் முனையை அடுத்த தையல் பிடித்துக்கொள்ளும், அங்கே முடிச்சு வேண்டியதில்லை. பிளாக்கின் வெளியோரத்துக்கு வரும் முனைகள் மட்டும் தபாலில் கசங்கிப் பிரியும். சுற்றிலும் ஓரத்திலிருந்து ஒரு நூல் தள்ளி ஒரு தையல் ஓட்டிவிட்டால் பத்திரமாகப் போய்ச் சேரும்.

அறிகுறி 7: துணி இழுபடுகிறது, தடிக்கிறது, பக்கத்துத் துணியோடு ஒத்துப்போகவில்லை

இது நம் ஊருக்கென்றே வரும் சிக்கல். திருப்பூரிலிருந்து கிலோ கணக்கில் வரும் கட்பீஸில் பாதி பனியன் துணி. நிறம் கண்ணைப் பறிக்கும், விலையும் சல்லிசு. ஆனால் அது வளையம் வளையமாகப் பின்னியது, நெய்ததல்ல. அகலவாக்கில் இழுத்துப் பாருங்கள், நீண்டால் பிளாக்குக்கு வேண்டாம். ஆசை விடவில்லையென்றால் பின்பக்கம் மெல்லிய ஃபியூசிங் (இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் உள்துணி) ஒட்டி, ராணியின் சம்மதத்தோடு போடுங்கள்.

எதிர்முனையில் கரூர்ப் பக்கத்து மெத்தை, திரைத் துணிகளும் சென்னிமலைப் போர்வைத் துண்டுகளும். அருமையான நெசவு, ஆனால் ஆறு முக்கோணம் ஒரு புள்ளியில் சேர்ந்தால் அந்த முடிச்சின் மேல் ஊசி ஏறாது. அவற்றைப் பெரிய கட்டங்களாக வெட்டி வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பவானி ஜமக்காளத் துண்டை யாராவது பிளாக்கில் வைக்க நினைத்தால் பை தையுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

திங்கள் மாலை தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும் ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் பாப்ளின், கேம்பிரிக் என்று மெல்லிய பருத்தி கிடைக்கும், அதுதான் பிளாக்குக்கு ஏற்றது. முழுப் பருத்தியா என்று சந்தேகம் வந்தால் ஓரத்தில் நாலு இழை உருவி, தண்ணீர்த் தட்டின் மேல் இடுக்கியால் பிடித்துக் கொளுத்துங்கள். காகிதம் எரிந்த வாடையோடு சாம்பலாகி உதிர்ந்தால் பருத்தி. உருகிக் கறுப்பு மணி மாதிரி இறுகினால் பாலியஸ்டர் கலந்தது. கலப்புத் துணி இஸ்திரிச் சூட்டில் பருத்தியோடு சேர்ந்து சுருங்காது, மடிப்பும் நிற்காது.

அறிகுறி 8: சாயம் இறங்குகிறது

இது வந்தால் உங்கள் பிளாக்கோடு நிற்காது, இன்னொருவர் மாதக்கணக்கில் தைத்த குயில்ட் முழுக்கப் பரவும். அதனால் அடர் சிவப்பு, நீலம், கறுப்பு எதுவாக இருந்தாலும் வெட்டும் முன் சோதியுங்கள். இரண்டு இஞ்ச் துண்டு வெட்டிச் சூடான தண்ணீரில் நனைத்து, வெள்ளைத் துணி மடிப்புக்குள் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் துணி முழுவதையும் சூடான தண்ணீரில் சோப்புப் போட்டு அலசுங்கள். தண்ணீர் தெளிந்து வரும்வரை மாற்றி மாற்றி அலச வேண்டும். உப்பு, வினிகர் போட்டு ஊறவைத்தால் நின்றுவிடும் என்பது பரவலான நம்பிக்கை. இன்றைய பருத்திச் சாயங்களில் அது பலிப்பதில்லை. ஒட்டாமல் மேலாக நிற்கும் சாயத்தைக் கழுவித்தான் எடுக்க வேண்டும். ஐந்தாறு அலசலுக்குப் பிறகும் இறங்கினால் அந்தத் துணியை எந்த பீக்கும் எடுக்காதீர்கள்.

தைத்த பிளாக்கில் ஏற்கெனவே பரவிவிட்டதா? காயவிடாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். பெரிய வாளியில் சூடான தண்ணீரும் சோப்பும் நிறைய விட்டு, பிளாக் முழுதாக மூழ்கி விரிந்து கிடக்கும்படி சில மணி நேரம் விடுங்கள். தண்ணீர் நிறம் மாறினால் மாற்றுங்கள். பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் அந்தப் பிளாக்கை நீங்களே வைத்துக்கொண்டு வேறொன்று தையுங்கள்.

அறிகுறி 9: கறை

நீராவி இஸ்திரியிலிருந்து வெள்ளையாகவோ பழுப்பாகவோ துளி விழுந்தால் தண்ணீரைப் பாருங்கள். நம் பக்கத்து போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம், பெட்டிக்குள் படிந்து கட்டியாகி வெளியே துப்பும். சிறுவாணித் தண்ணீர் கிடைக்கும் கோவைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. மற்றவர்கள் வடித்த நீரோ ஆர்ஓ நீரோ ஊற்றுங்கள். இன்னும் எளிது, பெட்டியில் தண்ணீரே ஊற்றாமல் தெளிப்பானால் துணியில் தெளித்துக்கொள்வது. அடித்தட்டில் கஞ்சி கருகிப் பிடித்திருந்தால் ஆறிய பெட்டியில் சமையல் சோடாவைக் குழைத்துத் தடவி ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

மஞ்சள் கறை மஞ்சள் விளையும் ஊரில் தப்பாமல் வரும். சோப்புப் பட்டதும் சிவப்பாக மாறினால் பயப்பட வேண்டாம், மஞ்சளின் குணம் அது. அலசி, கறை பட்ட இடத்தை மட்டும் வெயில் படும்படி விரித்து, மற்றதை மூடிவையுங்கள். வெயிலில் மஞ்சள் வெளுத்துவிடும்.

அறிகுறி 10: நன்றாகத்தான் அனுப்பினேன், போன இடத்தில் குறை சொல்கிறார்கள்

மடிப்புக் கோடு நிற்கிறது என்றால் எட்டாக மடித்து அனுப்பியிருப்பீர்கள். அட்டையோடு சேர்த்து ஒரே ஒரு மடிப்பு போதும். ஈரம் என்றால் பிளாஸ்டிக் உறை போடவில்லை. ஐப்பசி மழையில் தபால் பையே நனைந்து வரும். வெளிநாட்டுக்கு என்றால் சுங்கப் படிவத்தில் பருத்தித் துணிப் பிளாக், அன்பளிப்பு என்று என்ன இருக்கிறதோ அதை அப்படியே எழுதுங்கள்.

வாடை என்பது நாம் எதிர்பார்க்காத குறை. பீரோவில் போட்ட அந்துருண்டை, சாம்பிராணிப் புகை, விறகடுப்பு, தாளிப்பு எல்லாம் பருத்தியில் ஏறி அங்கே உறையைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும். ஒவ்வாமை உள்ளவர் அதைத் தொடவே முடியாது. நிழலில் இரண்டு நாள் காற்றாட விரித்துவிட்டு மடியுங்கள்.

உறையை ஒட்டும் முன் ஒரு சின்னச் சீட்டில் தைத்த அளவு, துணி துவைத்ததா, கஞ்சி போட்டதா, இவ்வளவும் எழுதி வையுங்கள். கூடவே பிளாக்கில் உள்ள முக்கியத் துணியில் ஐந்து இஞ்ச் சதுரம் ஒன்று. எங்கேயாவது ஒரு துண்டு பழுதானால் வாங்கியவர் அதை வைத்தே மாற்றிக்கொள்வார்.